கரடிக்கு நகம் வெட்டியவர்

"நான் ஒரு கரடிக்கே நகம் வெட்டிவிட்டவன்மா. அதுவும் இத்தனூண்டு நகவெட்டியால. என்கிட்ட போய் பதினெட்டு வேலை செய்யுற கருவியைக் காட்டுறியே!"

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கடைப்பெண், முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனியாக எடுத்து வைத்திருந்த புன்னகையை மாட்டிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். லிஃப்ட்காரரின் மனைவிக்குத் தம்பி. வேலையிலிருந்து அவரும் ஓய்வுபெற்றாகிவிட்டது. எதற்கெடுத்தாலும் நிரூபணம் கேட்கிற வழக்கத்துக்குத்தான் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

"ஆரம்பிச்சுட்டாரா? போன மாசம் அந்தக் கரடி அஞ்சடி. இப்ப எத்தனை அடி அத்தான்?"

"வளர்ற ஜீவன்தானே மாப்ளே. ஆறரை."

நாளைக் காலை ஏழு ஓய்வூதியர்கள் மலையேறப் போகிறார்கள். ஏழு பேருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் ஐந்து தேறினால் அதிகம்.

அந்தக் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. சுமை கூடக் கூடாதென்று, மடக்குக் கருவி எல்லோருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அது யார் சட்டைப்பையில் இருக்கிறதோ அவர் கடைசி ஆளாக நடக்க வேண்டும். வழியில் யாருக்கு எது அறுந்தாலும், எது சிக்கினாலும் அவர்தான் கதி.

இன்னொருவர் மலையேறவே முடியாது. அடிவாரத்தில் வேனுக்கும் பைகளுக்கும் காவல் இருக்க வேண்டும்.

லிஃப்ட்காரருக்கு இரண்டில் எந்த வேலை என்பதைக் கடையிலேயே முடிவு செய்வதாகச் சொல்லித்தான் குழுத் தலைவரான வாத்தியார் அவரைக் கூட்டி வந்திருந்தார்.

இதற்காக மூன்று மாதம் தவம் கிடந்திருந்தார் லிஃப்ட்காரர். வாழ்நாளெல்லாம் தனக்குச் சோறு போட்ட லிஃப்டைத் திரும்பியும் பாராமல், தினமும் எட்டு மாடி படியேறிக் காலைப் பழக்கியிருந்தார்.

கடைப்பெண் பெரிய கருவியின் கைகால்களை ஒவ்வொன்றாக விரித்தாள். குறடு. ரம்பம். அரம். மீன் செதில் சுரண்டி. மீனைத் தட்டில் தவிர வேறெங்கும் சந்தித்திராத ஏழு பேருக்கு அது இல்லாமல் எப்படி? அப்புறம் மூன்று வகைத் திருப்புளி. மலை எங்கேயாவது கழன்றிருந்தால் முடுக்கிவிடலாம்.

லிஃப்ட்காரர் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு மூலையில் கிடந்த சின்னதை எடுத்தார். கத்தி, குறடு, நகவெட்டி. அவ்வளவுதான்.

கடைப்பெண்ணுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சரிங்க சார், அந்தக் கரடி எதுக்கு உங்ககிட்ட கையை நீட்டுச்சு?"

"அது நீட்டினது ரொட்டிக்கும்மா. மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒருத்தர் ரெண்டு மரத்துக்கு நடுவுல வலை ஊஞ்சல் கட்டி, ரொட்டியை வயித்து மேல வெச்சுக்கிட்டே தூங்கிட்டார். கரடி கையை விட்டுச்சு. நகம் வலையில மாட்டிக்கிச்சு. அது இழுக்க, அவர் ஆட, அவர் ஆட ஆட அது மிரள... சட்டைப்பையில பார்த்தா நகவெட்டிதான் இருக்கு. ஒவ்வொரு நூலா வெட்டினேன். கடைசி முடிச்சுல நகமும் சேர்ந்து 'டிக்'. கரடி என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போயிடுச்சு. ஒரு நன்றி கிடையாது."

"ஊஞ்சல்ல இருந்தவர் யாரு சார்? அவரைக் கேட்டா தெரிஞ்சுடுமே."

லிஃப்ட்காரர் கையிலிருந்த கருவியைத் திறந்தார், மூடினார்.

"பேர் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்மா."

"பார்த்தியாம்மா?" என்றார் வாத்தியார். "இருபத்திரண்டு வருஷமா இதே பாட்டு. சாட்சி கேட்டா வாக்கு வந்து நிக்கும். இவரைப் பின்னால நம்பி அஞ்சு பேர் எப்படி நடக்கிறது? நீங்க வேன்லயே இருங்க அத்தான்."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அஞ்சடிக் கரடியை ஒரே மாதத்தில் ஆறரை அடியாக வளர்த்து ஆளாக்கிய வாய் அது. ஒரு பேரைச் சொன்னால் போதும், நாளைக்கு மலைமேல் நிற்கலாம்.

மூடிக்கொண்டார்.

கருவியை மடக்கிக் கண்ணாடிமேல் வைத்தார். "சரி மாப்ளே. வேன்லயே இருக்கேன்."

கரடிக்கு ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை. வாத்தியார் இதை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

கடைப்பெண் கருவிகளைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள். வாத்தியார் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ உருட்டிக்கொண்டே நின்றார்.

"அந்தச் சின்னதை உள்ள வைக்காதம்மா."

வாங்கி, லிஃப்ட்காரரின் சட்டைப்பையில் போட்டு, பொத்தானையும் அவரே மாட்டிவிட்டார். பிறகு பைக்குள் உருட்டிக்கொண்டிருந்த தன் சாவிக்கொத்தை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார்.

வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஸ்கூட்டர் சாவி. நடுவில், கறுப்பாக, வளைந்து, கூராக, புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று தொங்கியது. கை பட்டுப் பட்டு மழமழவென்று ஆகியிருந்தது.

"கரடி நாலரை அடிதான்" என்றார் வாத்தியார், யார் முகத்தையும் பார்க்காமல். "நகம் முழுசும் இல்ல, நுனி மட்டும். மத்ததெல்லாம் நடந்ததுதாம்மா. வலைக்குள்ள கத்திக்கிட்டிருந்தது நான்."