மூன்றாவது வரி

டீக்கடைக் கரும்பலகையில் தேவசகாயம் தினமும் சினிமாவையோ அரசியலையோ கிண்டல் செய்து ஒரு ஹைக்கூ எழுதுவார். முதல் இரண்டு வரி காலையில் வரும். மூன்றாவது, எல்லோரும் ஊகித்துத் தோற்றபின், நாலு மணிக்கு. பொங்கலன்று தன் நடிகரைக் கிண்டல் செய்ததற்காக ரசிகர் மன்றத் தலைவன் இசக்கிராஜ், கட்-அவுட்டுக்கு ஊற்றிய பாலின் மிச்சத்தை அவர் தலையில் கவிழ்த்தான். கடையே சிரித்தது. அன்று ஜெபத்தில்கூட அவருக்கு அவனைக் குத்தும் ஒரு மூன்றாவது வரிதான் வந்தது. அதை அந்த நடிகரின் தீபாவளிப் படம் வரை பொத்தி வைத்திருந்தார்.

இன்று காலை எழுதினார்:

மூன்றே நாளில் படத்தைத் தூக்கிவிட்டார்கள்
கட்-அவுட் இன்னும் சிரிக்கிறது

நாலு மணிக்கு இசக்கிராஜ் பலகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் டீயில் ஆடை படிந்திருந்தது.

"மூணாவதைப் போடுங்க சார், தலைவர் காத்துக்கிட்டிருக்காரு" என்று மாஸ்டர் சீண்டினார். கடை சிரித்தது. பொங்கலன்று கேட்ட அதே சிரிப்பு.

பலகை வரை போன தேவசகாயம் திரும்பி வந்து, சாக்பீஸை இசக்கிராஜின் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீ எழுது தம்பி."

"எதை வேணா எழுதலாமா?"

"எதை வேணா."

"உங்களப் பத்தியும்?"

தேவசகாயத்தின் கை தானாகத் தலைமுடியைத் துடைத்தது.

"எழுது" என்றார்.