நம்பும் பட்டியல்

"புனேல குளிரு ஜாஸ்தியாமே சுடர், ஸ்வெட்டர் வாங்கிருவமா?" என்று காலையில் தோசையைப் பிட்டுக்கொண்டே கேட்டான் அருட்செல்வன். சுடர்விழி சிரித்து வைத்தாள். புனே ஆய்வகத்தில் வேலை கிடைத்ததை அவள் கணவனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. அந்தச் செய்தி அவளுடைய மின்னஞ்சலில் மட்டும்தான் இருந்தது. சாப்பிட்டதும் அறைக்குப் போய், கல்யாணமான புதிதில் அவன் தயார் செய்து கொடுத்த மடிக்கணினியில், பிரவுசர் நம்பும் சான்றிதழ்களின் பட்டியலைத் திறந்தாள். அதில் பெயர் உள்ளவர், போகிற வருகிற மின்னஞ்சல்களை வழியில் மறித்துப் பிரித்துப் படித்தாலும் பிரவுசர் கண்டுகொள்ளாது. வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர்களுக்கு நடுவே அருட்செல்வன் என்றும் இருந்தது, இனிஷியலோடு. அதை நீக்கினாள். உடனே எந்தப் பக்கமும் திறக்காமல், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று திரை எச்சரித்தது.

"என்னம்மா, நெட் வரலையா?" என்று ஹாலிலிருந்து அவன் குரல் வந்தது. அவள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"வருதுங்க, நல்லாவே வருது."

அவன் கணினி வழியாக வந்துகொண்டிருந்த வீட்டு வைஃபையைத் துண்டித்துவிட்டுத் தன் போனின் டேட்டாவை இணைத்தாள். வேலையில் சேர்கிறேன் என்று புனேவுக்கு ஒரே வரி எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். ஹாலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரையில், மின்னஞ்சல் போய்க்கொண்டிருப்பதைக் காட்டும் சிறு வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.