கொம்புகளுக்கு நடுவே

வசந்தம் வந்ததும் எருமை ஒன்று, பூ வயல் பார்க்க ஆசைப்பட்டவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கட்டெறும்பு, வெட்டுக்கிளி, பொறிவண்டு என்று மூன்றே பேர். போன வருஷம் கடைசியில் உட்கார்ந்து வழியெல்லாம் வாலடி வாங்கிய கட்டெறும்பு, இந்த வருஷம் விடியுமுன்பே வந்து, கொம்புகளுக்கு நடுவே ஒரு இலைத்துணுக்கைப் போட்டு முன்னிடத்தைப் பிடித்துவிட்டது.

செவ்வந்தி வயலோரம், தன் கொம்பைவிட உயரமான வரப்புக்குக் கீழே எருமை நின்றது. "வரப்பேறிப் பார்த்துட்டு வாங்க!"

"நீங்க இறங்கலையா அண்ணே?" என்று கட்டெறும்பைக் கேட்டது பொறிவண்டு.

"நான் இறங்கினா வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்துக்கும். நீங்க போங்க!"

சூரியகாந்தி வயலிலும் அதே பதில்தான். மகரந்தம் அப்பிய முகத்தோடு திரும்பி வந்த வெட்டுக்கிளி, "உங்க இடத்தை நான் தொடவே மாட்டேன், வாங்கண்ணே!" என்று கெஞ்சியது. இவ்வளவு கெஞ்சுகிறதென்றால் சும்மாவா? கட்டெறும்பு ஆறு கால்களையும் அழுத்தி ஊன்றிக்கொண்டது.

கடைசி வயலில் காற்று சுழன்றடித்தது. வரப்பைத் தாண்டி ஒரு மஞ்சள் இதழ் மிதந்து வந்து, கட்டெறும்பின் இலைத்துணுக்கில் மெல்ல இறங்கியது.

கட்டெறும்பு அதைத் தலையால் முட்டித் தள்ளியது.

"இங்க ஆள் இருக்கு! பின்னால போ!"