வலது கை நங்கூரம்

சிவசங்கரி புது ஊசியின் உறையைக் கிழித்தாள். மூன்று மாதமாகச் சாத்துக்குடித் தோலிலும் ரப்பர்த் தோலிலும் பச்சை குத்திப் பழகியவள். மனிதத் தோலில் இன்றுதான் முதல் தடவை.

"பயமா இருக்காக்கா?" என்றான் நாற்காலியில் இருந்த பையன்.

"குத்தறவளுக்கு என்ன பயம்? கைய நீட்டு தம்பி."

வலது கையை நீட்டினான். அவள் அந்தக் கையையே பார்த்தாள். ஸ்டியரிங் பிடித்த கை.

அவனுக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு அவனைத் தெரியும். ஹரிகிருஷ்ணன், உப்பளம் சிமென்ட் குடோன் முதலாளியின் ஒரே மகன். போன வருஷம் லைசென்ஸ் இல்லாமல் லாரியைப் பின்னால் எடுத்து, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அவள் அப்பாவின் காலை நசுக்கினவன். லோடுமேன் குடித்திருந்தான் என்று நாலு பேரைச் சொல்லவைத்து விஷயத்தை முடித்துவிட்டார்கள். ஒரு காலோடு அப்பா நெல்லித்தோப்பு வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

குடோன் வாசலில் பத்து நாளாக ஒரு பேனர் தொங்குகிறது. பாரா மிலிட்டரிக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டமும் பாஸ் செய்த மகனுக்கு முதலாளியின் வாழ்த்து. பாக்கி இருப்பது அடுத்த வார மெடிக்கல் மட்டும்தான்.

கடைக்கார ஆசிப் அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார். "வயசுப் பையன் வந்தா ஊசிய எடுக்கறதுக்கு முன்னாடி என்ன வேலைக்குப் போறான்னு கேளு. சல்யூட் அடிக்கிற கையில பச்ச இருந்தா மெடிக்கல்ல தள்ளிடுவானுங்க. ஒருத்தன் பொழப்புல மண்ணப் போட்டுடாத."

ஆசிப் அண்ணன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். சாப்பிட்டுவிட்டு வர நாலு மணி ஆகும்.

"என்ன படம்?"

"நங்கூரம். பெருசா."

ஸ்டென்சில் தாளை முன்கையில் ஒட்டி உரித்தாள். ஊதாக் கோடு பளிச்சென்று பதிந்தது.

"வேற எதுவும் கேக்க மாட்டீங்களாக்கா?"

"எதுக்குக் கேக்கணும்? உன் கை, உன் இஷ்டம்."

அவன் பெருமூச்சு விட்டான். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டு மெஷினை ஆன் செய்தாள்.

ஒரு கோடு கூடப் பிசகவில்லை. எங்கெல்லாம் ஆழமாக இறக்கலாமோ அங்கெல்லாம் இறக்கினாள். அவன் பல்லைக் கடித்தான், ஒரு தடவை அம்மா என்றான். அப்பா ஆஸ்பத்திரியில் கத்திய கத்தல் அவள் காதில் இருந்தது. லேசர் வைத்தாலும் லேசில் போகாது. போனாலும் தழும்பு நிற்கும்.

ரத்தத்தைத் துடைத்து, களிம்பு தடவி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றினாள். பிறகுதான் கையுறையைக் கழற்றிவிட்டு அவன் எதிரில் நின்றாள்.

"அடுத்த வாரம் மெடிக்கல்தான?"

அவன் முகம் வெளுத்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் தெரியும். சல்யூட் அடிக்கிற கையில பச்சைய வச்சிக்கினு போனா உள்ள விட மாட்டான், வெளிய போடான்னுடுவான். உங்கப்பனாண்ட போய்ச் சொல்லு, நாராயணசாமி மக குத்துனான்னு. காலுக்குக் கை. சரியாப் போச்சு."

"நாராயணசாமியா? யாரு?"

காலை நசுக்கினவனுக்கு அப்பாவின் பேர்கூடத் தெரியவில்லை. அவன் கண்ணில் நீர் கட்டியது. ஒரு வருஷமாக இதைப் பார்க்கத்தான் அவள் காத்திருந்தாள்.

அவன் எழுந்து, குத்திய கையையும் சேர்த்து அவளைக் கும்பிட்டான்.

"இந்த வேல வேணாம்னு சொன்னா எங்கப்பா பெல்ட்ட உருவுறாருக்கா. இந்தப் பச்சைக்காகத்தான் மூணு கட ஏறினேன். என் மிலிட்டரி கிராப்பப் பாத்துட்டு, பொழப்பு போயிடும்டான்னு தொரத்திட்டானுங்க."

பிளாஸ்டிக் தாள் மேல் மெதுவாகத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீங்க ஒருத்தர்தான்க்கா மனசு வச்சீங்க."