பாசி வந்துடுச்சா?

சிமெண்டுத் தொட்டிக்குத் தன் முதுகில் பாசி படரவேண்டுமென்று கொள்ளை ஆசை. பாசி வளரட்டுமென்று வீட்டம்மா அதன்மேல் புளித்த மோரைப் பூசிவிட்டு, "மழை முடியறதுக்குள்ள பாசி பிடிக்கலேன்னா உனக்குப் பச்சைப் பெயிண்ட்தான்" என்று மிரட்டிப் போனாள்.

தன் முதுகு தனக்குத் தெரியுமா? "தம்பி, வந்துடுச்சா பாரேன்" என்று தொட்டி, தன் காலடியில் குடியிருந்த நத்தையை நொடிக்கொரு தரம் ஏற்றிவிட்டது.

"இன்னும் இல்லண்ணே" என்று நத்தை வாயைத் துடைத்துக்கொண்டே இறங்கும். மோரும் ருசி, துளிர்த்த பாசி அதைவிட ருசி.

கேட்டுக் கேட்டுக் களைத்த தொட்டி, அடைமழையில் தூங்கிப்போனது. கனவில் அது மலையாகியிருந்தது; மேகங்கள் அதன் முதுகில் மெல்ல மேய்ந்தன. கூப்பிடாத இடத்துக்கு நத்தை போவதில்லை. அதற்கும் கௌரவம் உண்டல்லவா? மழை ஓய்ந்தபோது தொட்டி முழுக்கப் பச்சை.

பெயிண்ட் டப்பாவோடு வந்த அம்மா, வாய்பிளந்து திரும்பிப் போனாள்.

காலடிச் சத்தத்தில் தொட்டி விழித்தது. "தம்பி, வந்துடுச்சா?"

நத்தை எச்சில் விழுங்கியது. "தெரியலையேண்ணே. ஏறிப் பார்த்துச் சொல்லட்டுமா?"