சுவேதாவின் வருகை

ஆவடியில் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் கல்லூரி வகுப்பெடுக்கும் ஆக்னஸுக்கு அன்று பொறுமை போய்விட்டது. படிப்பையும் விடாமல் வெளிநாடு சுற்றப்போன மாணவி சுவேதா, பேர் கூப்பிட்டால் ‘பிரசன்ட் மேம்’ என்று எழுதி அனுப்புவதோடு சரி. முகமும் காட்டுவதில்லை, குரலும் கொடுப்பதில்லை.

“சுவேதா, இன்னிக்கு வாயைத் திறந்து பேசலைன்னா அட்டெண்டன்ஸ் கிடையாது!”

சுவேதாவின் மைக் திறந்தது. பிறகு ஓர் ஆண்குரல் தயங்கியது.

“மேடம், நான் அவ நைனா வேம்புலி. வேப்பம்பட்டுலேர்ந்து பேசறேன். போன மாசம் அந்த ஊரு மலைல பஸ் கவுந்து, எம் பொண்ணு அங்கயே பூட்ச்சு மேடம்.”

ஆக்னஸ் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள். “அப்போ தினமும் வர்றது?”

“நான்தான். ஊட்ல அவ பேரைச் சொல்றதையே உட்டுட்டாங்க. உசுரோட கீறவ மாரி கூப்புடுறது நீங்க ஒருத்தர்தான்.”

மறுநாள் அந்தப் பேர் வந்தபோது ஆக்னஸ் அதைத் தாண்டிப் போகவில்லை. எப்போதும்போல் கூப்பிட்டாள்.