நாற்பத்தொரு முடிச்சு

"ஒரே ஒரு இழுப்பு, மச்சான். கடலம்மாவைத் தவிர யாரு பாத்துகினு கீறாங்க?" தேசப்பன் பீடியை நீட்டினான். கட்டுமரம் அலையில் ஏறி இறங்கியது.

சிங்காரம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புகை மட்டும் அவன் மூக்கைத் தொட்டுக் கெஞ்சிவிட்டுப் போயிற்று.

"வேணாம்டா. இன்னியோட நாப்பத்தோரு நாளு. நாளைக்கி வச்சலாவ இட்டார மாவலிபுரம் போறேன்."

"பொண்டாட்டிக்கோசரம் பீடிய வுட்டவன் இந்தச் சதுரங்கப்பட்டினத்துலயே நீ ஒருத்தன்தான்!" தேசப்பன் சிரித்தான்.

நாற்பத்தொரு நாளுக்கு முன் வச்சலா கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குக் கால்வாய்ப் படகு ஏறியபோது, வாயில் பீடியோடு கரையோரமாகவே ஓடினான் சிங்காரம். "இன்னா கோவம்னு சொல்லிட்டாவது போமே!" என்று கத்தினான்.

அவளும் கத்தினாள். காற்று பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்து போட்டது. "அத்த... வுட்டாத்தான் வருவேன்!"

எதை என்று கேட்கவா வேண்டும்? உதட்டில்தான் புகைந்துகொண்டிருந்ததே. அங்கேயே அதைத் தண்ணீரில் எறிந்தான்.

எறிவது சுலபம். மறுநாள் விடிந்ததும்தான் பேஜாராகிவிட்டது. கஞ்சி மண்ணாக இறங்கியது. மூன்றாம் நாள் மணலில் கிடந்த ஒரு துண்டுப் பீடிக்குக் குனிந்தவனின் கையை அம்மா பூவாயிதான் பிடித்துக்கொண்டாள்.

"மொத்த நாளையும் நெனைக்காத நைனா, மலைப்பா இருக்கும். ஒரு நாளு தாண்டுனா ஒரு முடிச்சு போடு. இன்னிக்கி முடிச்ச மட்டும் பாரு." நான்கு முழ வலைக்கயிற்றில் போன இரண்டு நாளுக்கும் முடிச்சுப் போட்டு அவன் இடுப்பில் செருகினாள். வாய் நமநமத்தபோதெல்லாம் கருப்பட்டித் துண்டு கொடுத்தாள். அவன் தளர்ந்தபோதெல்லாம், "வுட்டுடாத, அவ வந்துருவா" என்றாள்.

நாற்பத்தோராவது முடிச்சைப் போட்டுவிட்டு, மறுநாள் இருவருமாகப் படகேறினார்கள். பூவாயிக்கும் உற்சாகம் தாங்கவில்லை.

"அவ வந்ததும் மொத வேலையா கொழம்பு வெக்கக் கத்துக்குடுக்கணும். ரெண்டு வருசமா தெனமும் சொல்லிகினு கீறேன், இன்னும் புளி கரைக்கத் தெரியல அவளுக்கு!"

மாமல்லபுரத்துத் துறையில் இறங்கியதும், "நீ முன்னால போ. நான் மருமவளுக்குப் பூ வாங்கிகினு வரேன்" என்று தங்கிவிட்டாள்.

வச்சலா வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள்; சிரிக்கவில்லை.

"வுட்டுட்டியா?"

"வுட்டுட்டேம்மே. இத பாரு, நாப்பத்தோரு முடிச்சு. ஒரு நாளைக்கி ஒண்ணா போட்டது."

அவள் கயிற்றை வாங்கி ஒவ்வொரு முடிச்சாகத் தடவினாள். குரல் இளகிவிட்டது. "மனசு எப்படிய்யா கேட்டுது?"

"மொத வாரம் தூக்கமே இல்ல. அத்தினி வருசப் பழக்கமாச்சே! தோ வந்துரும், தோ வந்துரும்னு கை தேடிகினே இருந்திச்சி."

"ஐயோ, பாவம்." வச்சலாவின் கண் கலங்கியது. "கோவத்துல கேட்டுட்டேனே தவிர, நீ செய்வேன்னு நெனைக்கலய்யா. ஊருல யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"மெச்சிக்கினாங்க! தேசப்பன் மட்டும்தான் சிரிச்சான்."

"மறுபடியும் வூட்டுக்குள்ள வந்துச்சுன்னா?"

"வாசப்படி ஏற வுடமாட்டேன். கடலம்மா மேல ஆணை."

அவ்வளவுதான். வச்சலா உள்ளே ஓடித் துணி மூட்டையோடு திரும்பி வந்தாள். நாற்பத்தொரு நாளாக அவன் கனவில் மட்டும் கண்ட சிரிப்பு, இப்போது அவள் முகத்தில் நிஜமாகவே இருந்தது. சிங்காரம் பெருமையோடு மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

தெருமுனையில் பூவாயி கை நிறையப் பூவோடு வந்துகொண்டிருந்தாள்.

வச்சலாவின் சிரிப்பு நின்றது. மூட்டையை அவன் தோளிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

"அத்தய வுட்டுட்டேன்னியே, அப்ப அங்க வர்றது யாரு?"